பச்சை டிக்

பிப்ரவரி 9, திங்கள்

மின்மடல் எழுதுவதைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். பிரஷர் நூற்றைம்பதைத் தாண்டி நிற்கிறது. "எழுதாம இருக்க முடியாதுன்னா டைரி எழுதுங்கம்மா, அது திருப்பிப் பேசாது" என்றார். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே ஒரு பம்ப்செட் டீலர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஒரு மோட்டார் படம். பரவாயில்லை, எனக்கு வேண்டியது வெற்றுத்தாள்தான்.

பிரஷருக்குக் காரணம் நாணல். ஊர் ஊராக இருக்கும் முப்பது நாற்பது பேர் பதினோரு வருடமாகச் சேர்ந்து கட்டிவரும் இயங்குதளம். பழைய கணினியிலும் ஓடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, சண்டைக்கு மட்டும் குறைவில்லை. டிஸ்கில் எழுதும் பகுதிக்கு நான் பொறுப்பாளர். பகலில் கல்லூரிக் கணினி ஆய்வகம், விடியற்காலையில் நாணல்.

இப்போதைய சண்டை இதுதான். ஒரு புரோகிராம் எதையோ சேமிக்கச் சொல்கிறது. டிஸ்க் முடியாது என்கிறது. அப்போது நாணல் என்ன செய்ய வேண்டும்? அந்த நொடியே இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பது என் கட்சி. பிழையை அந்தப் புரோகிராமிடம் சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்பராஜ் கட்சி. இன்பராஜ் மார்த்தாண்டத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் பையன். முப்பது வயதுக்காரரைப் பையன் என்று எழுதக் கூடாது, நல்ல மூளை வேறு. முந்நூற்று நாற்பது மடல் ஆகிவிட்டது. ஏப்ரலில் வாக்கெடுப்பு.

பிப்ரவரி 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழுவின் போன் கூட்டம். ஒரு பக்கம் இட்லி வேக, இன்னொரு பக்கம் நான் வெந்தேன்.

"அக்கா, குளச்சல்ல நம்ம நாணல் போட்ட பெட்டியிலதான் வள்ளத்துக்காரங்க காத்துச் செய்தி வாங்குறாங்க. நடுக்கடல்ல டிஸ்க்குல ஒரு புள்ளி போச்சுன்னு பெட்டியே நின்னா, அவங்க என்ன செய்வாங்க? பாத்துக்கிடுங்க" என்றார் இன்பராஜ்.

"தப்பான செய்தியோட ஓடறதுக்கு நிக்கறது மேல்" என்றேன்.

"செய்தி தப்பில்லக்கா. பதியத்தான் முடியல."

"பதியாததப் பதிஞ்சதா காட்டுற இயந்திரத்த எங்கிட்டக் கொண்டுவராதீங்க. பிழைய முழுங்கறவன் நாணல்ல இருக்கக் கூடாது."

"சரிக்கா, அடுத்த விஷயத்துக்குப் போலாம்" என்றார். அவர் வழக்கமாக அப்படி அடங்குகிற ஆள் அல்ல. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இட்லி குழைந்துவிட்டது.

பிப்ரவரி 14

நல்ல தண்ணீர் வந்தது. எட்டு நாள் கழித்து. எல்லாக் குடமும் பிடித்தேன். முதுகு போயிற்று.

பிப்ரவரி 17, செவ்வாய்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு மடல். லூர்துமேரி என்கிற ஆசிரியை. காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சின்னப் பள்ளி. ஒரே கணினி, அதில் நாணல். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு நாளும் பேசுவதைப் பதிந்து வைப்பார்களாம். ஜூலையிலிருந்து பதிந்த எதுவும் இப்போது திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். போன் எண் இருந்தது. மதிய இடைவேளையில் கூப்பிட்டேன்.

"ஃபைல் பேரெல்லாம் இருக்குதுங்க மேடம். தேதி இருக்குது. உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

"பதிஞ்ச அன்னிக்கே கேட்டுப் பாக்கலீங்களா?"

"அன்னிக்குக் கேட்டா கேக்குதே மேடம். அடுத்த நாள்தான் இருக்கறதில்ல. நான் பருவம் முடிஞ்சுதான் எடுத்துப் பாப்பனுங்க. சேமிச்சாச்சுன்னு பச்சை டிக் வந்துச்சுங்களே."

அன்றைக்குக் கேட்டால் கேட்கும். குரல் மெமரியில் இருந்திருக்கும். கணினியை அணைத்ததும் போயிருக்கும். டிஸ்க் கெட்டிருக்கிறது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டிஸ்கைக் கழற்றிக் கூரியரில் அனுப்பச் சொன்னேன்.

தன்ஷிகா என்று ஒரு ஏழு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். டிக் வந்ததும் "ஆச்சு" என்பாளாம். அவள் தெளிவாகச் சொல்லும் சொற்களில் அது ஒன்று.

பிப்ரவரி 20, வெள்ளி

டிஸ்க் வந்தது. பட்டறை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு கோப்புகள், எல்லாம் பூச்சியம். ஜூலை 6 முதல் டிஸ்க் ஒவ்வொரு நாளும் முறையாகப் புகார் சொல்லியிருக்கிறது. நாணல் அதைக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, பதிவு புரோகிராமிடம் "சேமித்தாயிற்று" என்றிருக்கிறது.

எங்கே விழுந்தது என்று தேட வேண்டும். நாணல் நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், என்றைக்கு எழுதினார் என்று வரி வரலாறு காட்டும். ஐந்து நிமிட வேலை.

கிரைண்டர் கழுவ வேண்டியிருந்தது. நாளை.

பிப்ரவரி 21

மாவாட்டினேன். பீரோவில் பழைய துணி ஒதுக்கினேன். நாளை பார்க்கலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பட்டறைக்கு ஒரு மோட்டார் வந்திருந்தது. காயில் கரிக்கட்டை. இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாரு புள்ள, லோடு ஏறுனா ரிலே நிறுத்தோணும். இவன் ரிலேக்குக் குறுக்க ஒரு வயரக் கட்டிப்போட்டு ஓட்டியிருக்கறான். நிக்கவே உடாம."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். "ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பவர்கள் பார்க்க" என்று ஒரே வரி. பத்தொன்பது பேர் சிரித்தார்கள்.

பிப்ரவரி 24

வரி வரலாறு பார்த்தேன். தலைவலி. மாவு புளித்துவிட்டது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

குழுவில் நான் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு, ஒப்புதல் மடல். ஒருவர் எழுதிய வரியால் யாருக்காவது சேதம் வந்தால், அவரே எல்லோருக்கும் மடல் எழுத வேண்டும். முதல் வரியில் அவர் பெயர், அடுத்து என்ன செய்தார், யாருக்கு என்ன போயிற்று. சாக்குச் சொல்லக் கூடாது. இதை யாரும் விரும்பவில்லை. நான்தான் விடாப்பிடியாக நின்றேன்.

இரண்டு வருடம் முன்பு இன்பராஜ் எழுதிய ஒரு வரியால் பதினைந்து இயந்திரங்களில் கடிகாரம் தப்பாக ஓடியது. அவர் எழுதிய ஒப்புதல் மடலை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். "அவசரத்தில்" என்று ஒரு சொல் இருந்தது. சாக்கு என்று எடுக்கச் சொன்னேன். எல்லோரும் பார்க்கத்தான் சொன்னேன். அந்த வாரம் அவர் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 4

சாப்பிடும்போது இவர் சொன்னார். "அந்த வயரக் கட்டுன தோட்டத்துக்காரர் வந்திருந்தாரு. ஏன்யா கட்டுனேன்னேன். கரண்டே மூணு மணி நேரம், அதுக்குள்ள ரிலே நாலு தடவ ட்ரிப் ஆகுது, ஏன் ஆகுதுன்னு அது சொல்றதில்ல, வெங்காயம் காயுது, நான் என்ன பண்ணட்டுங்கறாரு. அதும் செரிதானே புள்ள."

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"நீ அந்தப் படத்த அனுப்புனியே, இதையும் அனுப்பீருக்கறயா?"

அனுப்பவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கூட்டத்தில் நான் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இன்பராஜும் பேசவில்லை. கூட்டம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. பதினோரு வருடத்தில் இதுதான் சாதனை.

மார்ச் 9, திங்கள்

லூர்துமேரி கூப்பிட்டார். அழுதிருக்கிறார், குரலில் தெரிந்தது.

தன்ஷிகா காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவி பழையது, பாதி நேரம் வேலை செய்வதில்லை. ஒரு அறக்கட்டளை புதுக் கருவி தருகிறது. ஆனால் விடாமல் பயிற்சி எடுக்கும் குழந்தைகளுக்கு மட்டும். அதற்குச் சாட்சி இந்தப் பதிவுகள்தான். 20ஆம் தேதி கோயம்புத்தூரில் அவர்களுடைய தேர்வுக் குழு கூடுகிறது.

"பதிவு எங்கேன்னு கேட்டாங்க மேடம். கம்ப்யூட்டர் அழிச்சிருச்சுன்னேன். அவங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கறாங்க. நாங்க பயிற்சியே குடுக்கல, இப்ப பொய் சொல்றோம்னு நினைக்கறாங்க. அவங்க அப்பா லாரி டிரைவருங்க. அவரும் எங்கிட்டக் கேக்கறாரு, நிஜமாவே பதிஞ்சீங்களா டீச்சர்னு."

"நாங்க என்ன செய்யோணுங்க?" என்றேன்.

"அதச் செஞ்சவங்க யாரோ, அவங்க கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா ஏத்துக்குவாங்களாம். எங்க மேல தப்பில்லைன்னு. யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா மேடம்?"

"பாத்துச் சொல்றனுங்க" என்றேன்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பதின்மூன்று நாள் முன்பே பார்த்தாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். டைரி திருப்பிப் பேசாது.

அந்த வரி என்னுடையது. ஒன்பது வருடம் முன்பு எழுதியது. டிஸ்க் சொல்லும் பதிலை வாங்கி, பார்க்காமல் கீழே போடும் வரி. பக்கத்தில் குறிப்பு வேறு: "பதிலை இப்போதைக்குக் கவனிக்க வேண்டாம். பிறகு பார்க்கலாம். — கோகிலவாணி." மறுநாள் வெளியீடு என்று அவசரம். வரியைச் சரிபார்த்து இரண்டாம் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் என்னை நம்பிப் போட்டார், அவர் இப்போது நாணலில் இல்லை. பிழையை விழுங்குகிறவன் நாணலில் இருக்கக் கூடாது என்று நான் கத்திக்கொண்டிருந்த அத்தனை காலமும் அந்த வரி விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இது மட்டும் என்றால் இத்தனை நாள் இழுத்திருக்க மாட்டேன். இழுத்திருப்பேனோ என்னவோ.

அந்த வரியைத் திருத்தி ஒருவர் ஐந்து முறை அனுப்பியிருக்கிறார். தலைப்பு "சிறு திருத்தம்". முதல் தடவை போன ஜூலை 2. பள்ளியின் டிஸ்க் கெடுவதற்கு நான்கு நாள் முன்பு. ஐந்து முறையும் நான் திருப்பியிருக்கிறேன். "காரணம் எழுதப்படவில்லை." "காரணம் எங்கே?" கடைசி முறை: "காரணம் எழுதத் தெரியாதவர்கள் திருத்தம் அனுப்ப வேண்டாம்." எந்த வரி என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன், அது போதுமாயிருந்தது எனக்கு.

இன்பராஜ்.

மார்ச் 11, புதன்

காலை ஆறரைக்கு இன்பராஜைக் கூப்பிட்டேன். கடை திறக்கும் சத்தம் கேட்டது.

"அந்தச் சிறு திருத்தம் எந்த வரின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றார்.

"அது யாரு வரின்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் காரணம் எழுதல? ஒரு வரி எழுதியிருந்தா நான் பாத்திருப்பேன்ல?"

"எழுதினா உங்க பேரு வரும். பேரு வந்தா நீங்க ஒப்புதல் மடல் எழுதணும். அந்த மடலை எழுதுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. உங்கள அதுல நிறுத்த எனக்கு மனசு வரல. சத்தம் போடாம சேந்துட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

அந்த இடத்தில் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. தாராபுரத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஜூலை 2, ஜூலை 6, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு, எல்லாம் சொன்னேன். "எம்மேல இரக்கப்பட்டீங்க. அந்தப் புள்ளை மேல யாரு இரக்கப்பட்டது?" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் எட்டு மாதம் சொல்லவில்லை. நான் ஒன்பது வருடமும் சொல்லவில்லை, அதன் மேல் இந்தப் பதினைந்து நாளும். அவரைச் சொல்லவிடாமல் பயமுறுத்தி வைத்ததும் நான்தான்.

"அக்கா, நான் கண்டுபிடிச்ச அன்னிக்கே கத்தியிருக்கணும்" என்றார். அழுதாரா, ஷட்டர் சத்தமா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரும் முழுங்கிட்டோம்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 12

மடல் எழுதினேன். நான்கு முறை அழித்தேன். முதல் தடவை "வெளியீட்டு நெருக்கடியில்" என்று எழுதியிருந்தேன். எடுத்தேன்.

"கோகிலவாணி ஆகிய நான் எழுதிய வரியால் தாராபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு பதிவுகள் போயின. அதைச் சரிசெய்யும் திருத்தத்தை ஐந்து முறை படிக்காமலே திருப்பினேன். தெரிந்த பிறகும் பதினாறு நாள் சொல்லவில்லை. பள்ளியின் மேல் ஒரு தவறும் இல்லை." எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அச்செடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

பத்து நிமிடத்தில் கீழே இன்னொரு மடல். "இன்பராஜ் ஆகிய நான் இதை ஜூலையிலேயே கண்டேன். யாரிடமும் சொல்லவில்லை." அவர் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. எழுதியிருக்கிறார்.

பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டு பேர் நான் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். மற்றதைப் படிக்கவில்லை. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

லீவு போட்டுவிட்டு அறக்கட்டளைக் குழுவிடம் போனேன். இவர் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, மேசைக்குப் பின்னால் மூன்று பேர். லூர்துமேரி நான் நினைத்ததைவிட வயதில் சிறியவர். தன்ஷிகா இரட்டைச் சடையும் ஊதா ரிப்பனுமாக அவள் அப்பா மடியில் இருந்தாள்.

மடலை வாசித்தார்கள். கெட்ட டிஸ்கைக் கணினியில் மாட்டிக் கோப்புகளின் தேதிகளைக் காட்டினேன். லீவு நாள் தவிர ஒரு நாள் விடாமல் இருந்தன.

"சேமிக்கலைன்னா சேமிச்சதா ஏம்மா சொல்லுச்சு?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"நான் அப்படி எழுதி வெச்சதாலதாங்க" என்றேன். அவ்வளவுதான் பதில். பதினொரு வருடமாக இதைவிட நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

டிஸ்க் கெடும் முன்பு பதிந்த ஜூன் மாதப் பதிவு ஒன்று பிழைத்திருந்தது. அதைப் போட்டார்கள். பிறகு தன்ஷிகாவைப் பேசச் சொன்னார்கள். புது முகங்களைப் பார்த்து வாயே திறக்கவில்லை. அவள் அப்பா தண்ணீர் கொடுத்தார். மடித்த துண்டால் நெற்றியைத் துடைத்தார், அவளுடையதை அல்ல, தன்னுடையதை. கால் மணி நேரம் கழித்து ஆறு சொல் சொன்னாள். முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பார்களாம்.

வெளியே மரத்தடியில் லூர்துமேரியிடம் எங்கள் சண்டையைச் சொன்னேன். நின்றுவிட வேண்டும் என்பது நான், ஓட வேண்டும் என்பது இன்பராஜ் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நின்னுருந்தா கரண்டு போச்சுன்னு நினைச்சு மறுபடி ஆன் பண்ணீருப்பனுங்க மேடம். ஓடுனா ஓடுதுன்னு இருந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டருகிட்டயேதான் பேசீட்டு இருக்கீங்க. எங்கிட்டச் சொல்லீருக்கலாமில்லீங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். முந்நூற்று நாற்பது மடலில் அவர் எங்கேயும் இல்லை. என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வாக்கெடுப்புக்கு நான் கொடுத்த தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இன்பராஜும் அவருடையதை. டிஸ்க் முடியாது என்றால் திரையில், ஆளிடம், தமிழில் சொல்ல வேண்டும். சொல்லாமல் டிக் போடக் கூடாது. மற்றதெல்லாம் அதற்கப்புறம். இதற்கு இருபது வரி ஆனது. அவர் எழுதினார், நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

பொறுப்பை மே மாதத்தோடு ஒப்படைக்கிறேன். வருத்தம் இருக்கிறது. தூக்கமும் வருகிறது.

ஏப்ரல் 3

புதுக் கருவி பெறுவோர் பட்டியலில் தன்ஷிகா பெயர் இருக்கிறது. லூர்துமேரி படம் எடுத்து அனுப்பினார். கடைசிப் பெயர்.

ஏப்ரல் 6, திங்கள்

காலை ஏழு மணி பஸ்ஸில் தாராபுரம் போனேன். புது டிஸ்க், புது நாணல். மாட்டும் முன்பு, பிழையைச் சொல்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கெட்ட டிஸ்கையே ஒருமுறை மாட்டினேன். சோதனை வாசகம் நானே சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் தன்ஷிகா அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், அவள் நேரம் அது.

"மழை" என்றாள். "மாமா" என்றாள். பொத்தானை அவளே அழுத்தினாள். திரையைப் பார்த்தாள்.

டிக் வரவில்லை. "இது பதியவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது" என்று பெரிய எழுத்தில் வந்தது. அவளுக்கு அவ்வளவு நீளம் படிக்கத் தெரியாது. டிக் வரும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை, அப்புறம் லூர்துமேரியை.

"ஆகல, மிஸ்" என்றாள்.

லூர்துமேரி கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தார். அந்தச் சொல்லை அவள் இதுவரை சொன்னதில்லையாம். எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் "ஆச்சு" என்று நம்பிச் சொல்லிக்கொண்டிருந்த பெண். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அந்தச் சொல்லும் பதியவில்லை. புது டிஸ்கை எடுத்து மாட்டினேன்.